பட்டியலில் விட்ட பெயர்

ராபின்வேல், ஆஸ்திரேலியா
பிப்ரவரி 9

என் லேசியெலிக்கு,

நம் மூவரையும் இந்த நாள் வரை உயிரோடு கொண்டுவந்த கர்த்தருக்கு நன்றி. எனக்கு ஒரு குறையும் இல்லை. திராட்சை வெட்டி வெட்டி விரல்தான் கறுத்துப் போயிருக்கிறது. குட்டி வாசிதிக்கு மூச்சு எப்படி இருக்கிறது? மாத ஊசியைத் தவறவிடவில்லையே?

ஃபோன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று கேட்பாய். நாம் ஃபோனில் பேசினால் என் அம்மா, பக்கத்து வீடு, பாதிரியார் வீட்டு நாய் எல்லாரும் சுற்றி உட்கார்ந்து கேட்கிறார்கள். இது உனக்கு மட்டும். ஊருக்குத் திரும்பும் ஒருவர் கையில் கொடுத்து அனுப்புகிறேன்.

போன வருடம் நடந்தது ஞாபகம் இருக்கிறதா? லிஃபுகா தீவில் ஓஃபாவின் பணக் கவுண்ட்டருக்கு நான் பணம் அனுப்பினேன். நீ அதை வாங்கிக்கொண்டு படகேறி உய்ஹாவில் இறங்குவதற்குள் ஊருக்கே விஷயம் தெரிந்து விட்டது. ஒரு சாவு, ஒரு கல்யாணம், ஒரு சர்ச் கூரை. வாசிதிக்கென்று மிஞ்சியது நூறு பாங்கா.

இப்போது என்னோடு வேலை செய்யும் ஃபோலாவ் ஒரு வழி காட்டியிருக்கிறான். டோக்கன் என்கிறான். ஒரு டோக்கன் ஒரு அமெரிக்க டாலர். இங்கே என் ஃபோனிலிருந்து தட்டினால் கடல் தாண்டி ஒரு நிமிஷத்தில் உன் ஃபோனுக்கு வந்துவிடும். நடுவில் வங்கி இல்லை, ஓஃபா இல்லை. பிளாக்செயின் என்று ஒரு பொதுக் கணக்கேடாம். உலகத்துக் கணினிகள் எல்லாம் சேர்ந்து எழுதுகின்றனவாம், ஆனால் அதில் நம் பெயர் கிடையாது. எப்போது வேண்டுமோ அப்போது லிஃபுகாவில் மொசேசேயின் ரேடியோக் கடையில் கொடுத்தால் நம் பாங்காப் பணமாக மாற்றித் தருவார்.

கூட இருக்கும் சின்னத் தாளில் பன்னிரண்டு ஆங்கிலச் சொற்கள் எழுதியிருக்கிறேன். அவைதான் சாவி. அந்தத் தாள் யார் கையில் இருக்கிறதோ அவர்தான் பணத்துக்குச் சொந்தக்காரர். போய்விட்டால் போனதுதான், முறையிட மேனேஜர் கிடையாது. அதனால் யாருக்கும் கொடுக்காதே. பாதிரியார் கேட்டாலும் கூடாது. ஊர்த் தலைவர் கேட்டாலும் கூடாது. என் அம்மாவுக்குக் கூடாது. என் தம்பிகளுக்குக் கூடாது. உன் தங்கைக்குக் கூடவே கூடாது.

ஆக்லாந்து ஆஸ்பத்திரியில் ஆகஸ்டில் வாசிதியின் இதய வால்வு ஆப்பரேஷனுக்கு இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். நம் பங்கு பதினாலாயிரம் பாங்காவை ஜூலை முடிவதற்குள் கட்ட வேண்டும். இந்தப் பணம் அதற்கு மட்டும்தான். குழந்தைக்கு என் முத்தம்.

உன் கெலேபி

*

உய்ஹா தீவு, ஹாஅபாய்
மார்ச் 6

கெலேபிக்கு,

மூவரையும் காத்துவரும் கர்த்தருக்கு நன்றி. எனக்குக் காய்ச்சல் இல்லை, தலைவலி இல்லை, உன் அம்மாதான் இருக்கிறார்.

மொசேசே கடையில் உட்கார்ந்து ஃபோனில் எல்லாம் செய்துகொண்டேன். முதல் டோக்கன் வந்தபோது அந்த மனுஷன் என்னைவிடச் சத்தமாகச் சிரித்தார். "உன் புருஷன் கெட்டிக்காரன்மா. ஓஃபாவுக்கு இனி வம்பு பேச ஆள் இல்ல" என்றார். பயப்படாதே, ஓஃபாவுக்கும் மொசேசேவுக்கும் பேச்சுவார்த்தை நின்று நாலு வருடம் ஆகிறது.

தாளை வேதபுத்தகத்துக்குள் வைக்கவில்லை. இந்த வீட்டில் எல்லாரும் முதலில் தேடுவது அங்கேதான். வாசிதியின் நீல ஊசி அட்டைக்கு ஒரு பிளாஸ்டிக் உறை இருக்கிறதே, அதற்குள் அட்டைக்குப் பின்னால் செருகியிருக்கிறேன். மாதம் ஒரு தடவை நர்ஸ் மட்டும்தான் தொடுவாள்.

குழந்தை நன்றாகத்தான் இருக்கிறாள். பள்ளிக்கூடத்துக்கு நடக்கும்போது நடுவில் ஒரு இடத்தில் உட்கார்ந்துகொள்கிறாள். கேட்டால், "நான் களைப்பாறல, நண்டு பாக்கறேன்" என்கிறாள். ஏழு வயதில் என்ன பொய் பார்.

நீ யார் யாருக்குக் கொடுக்கக்கூடாது என்று எழுதியதை இரண்டு தடவை படித்தேன். இன்னும் ஒருவர் இருக்கிறாரே என்று தோன்றியது. நீ எழுதாத பெயரை நான் எழுதக்கூடாது. அடுத்த கடிதத்தில் ஒரு வரி எழுது, போதும்.

லேசியெலி

*

ராபின்வேல்
ஏப்ரல் 15

லேசியெலிக்கு,

கடிதம் எழுத இன்னும் ஒரு நாள் கொடுத்த கர்த்தருக்கு நன்றி. நீங்கள் இருவரும் சுகம் என்று படித்த பிறகுதான் சாப்பாடு இறங்கியது.

இனி கடிதத்தைத் தோட்டத்து விலாசத்துக்குப் போடாதே. ஃபோலாவின் பெயருக்குப் போடு, அவன் என்னிடம் கொடுத்துவிடுவான். வேறு ஒன்றும் இல்லை, வேலை இடம் கொஞ்சம் மாறியிருக்கிறது. இங்கே நாள் கூலி அதிகம். வாரம் தவறாமல் டோக்கன் வருகிறதா, பார்த்தாயா? நாலாயிரம் பாங்காவைத் தாண்டிவிட்டது. ஃபோலாவின் ஃபோனில் நம் கணக்கு நம்பரை அடித்தால் எவ்வளவு இருக்கிறது என்று இங்கிருந்தே தெரிகிறது. காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை பார்க்கிறேன். "கோழி முட்டையப் பாக்கற மாதிரி பாக்கற, அதுவா பெருகாதுடா" என்கிறான்.

நண்டு பார்ப்பவளுக்கு ஒரு ஜோடி வெள்ளை ஷூ அனுப்பியிருக்கிறேன். ஆக்லாந்துக்கு அதைப் போட்டுக்கொண்டுதான் போக வேண்டும் என்று சொல்.

நீ கேட்டது நினைவிருக்கிறது. அதைப் பற்றிப் பிறகு எழுதுகிறேன்.

கெலேபி

*

உய்ஹா
மே 22

கெலேபிக்கு,

கர்த்தரின் கிருபையால் மூவரும் இருக்கிறோம். வாசிதி ஷூவைக் கழற்ற மாட்டேன் என்கிறாள், பாயில்கூடப் போட்டுக்கொண்டு தூங்குகிறாள்.

ஊரில் உன் பெயர் எப்படி இருக்கிறது என்று உனக்குத் தெரிய வேண்டும். ஓஃபாவின் கவுண்ட்டருக்கு ஜனவரியிலிருந்து ஒரு செனிட்டிக் காசு வரவில்லை. அதனால் உனக்கு அங்கே வேறு ஒருத்தி கிடைத்துவிட்டாள். அவளுக்குச் சிவப்புக் கார்கூட இருக்கிறதாம். கிழங்கு பிடுங்கப் போன இடத்தில் ஒருத்தி என் தோளைத் தட்டி, "அழாத லேசியெலி, ஆம்பளைங்க அப்படித்தான்" என்றாள். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அதைப் பார்த்துவிட்டு, பாவம் புத்தி பேதலித்துவிட்டது என்று வேறு சொல்லியிருக்கிறாள்.

உன் அக்கா போன வாரம் வந்தார்கள். எப்போதும்போல் வீட்டைச் சுற்றிப் பார்த்தார்கள். பெரிய பன்றியைப் பிடித்துக்கொண்டு போனார்கள். நம் வழக்கப்படி அது அக்காவின் உரிமை, தம்பி வீட்டில் அவர்களுக்கு இல்லாததா? போகும்போது மட்டும் வாசலில் நின்று, "என் தம்பிய ஊர் தூத்துது. சர்ச்சில தலை நிமிந்து உக்கார முடியல. அவன் ஒண்ணுமே அனுப்பறதில்லையாமா?" என்று கேட்டார்கள். வாசிதி முந்திக்கொண்டு, "அத்தை, எனக்கு ஷூ அனுப்பிச்சாரே!" என்று காலை நீட்டினாள். உன் அக்கா அந்தக் காலையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். நான் வாசிதியை உள்ளே அழைத்துப் போனேன்.

ஒரு வரி கேட்டிருந்தேன். நீ இன்னும் எழுதவில்லை.

லேசியெலி

*

ராபின்வேல்
ஜூன் 24

என் லேசியெலிக்கு,

கர்த்தருக்கு நன்றி, நன்றி, நன்றி! இன்றைக்கு உடம்பைப் பற்றி விசாரிக்கக்கூட மறந்துவிடுவேன் போலிருக்கிறது.

போன வாரம்தான் பதினாலாயிரம் நிறைந்தது. சனிக்கிழமை சாயங்காலம் ஃபோலாவின் ஃபோனில் பார்த்தேன், கணக்கில் பூஜ்யம். உடனே உனக்கு அடித்தேன். அம்மா எடுத்து, "அவ லிஃபுகாவுக்குப் போயிருக்கா" என்றார். அதற்குப் பிறகுதான் மூச்சு வந்தது. கட்டிவிட்டாய்! ஒரு மாதம் முன்னாலேயே கட்டிவிட்டாய்! ஃபோலாவ் ஒரு டின் மாட்டிறைச்சியைத் திறந்தான், இரண்டு பேரும் கரண்டி வைத்துச் சாப்பிட்டோம்.

சிவப்புக் கார்க்காரிக்கு என் வணக்கம் சொல். இந்தக் குளிரில் திராட்சைக் கொடியை வெட்டிக் கவாத்து செய்யும்போது அவள் வந்தால் காருக்குள்ளாவது உட்கார்ந்திருப்பேன். ஊர் என்ன வேண்டுமானாலும் பேசட்டும். அக்கா காதில் விழுந்ததுதான் வருத்தமாக இருக்கிறது.

ரசீதைப் பத்திரமாக வை. வாசிதியிடம் சொல், ஆகஸ்டுக்குப் பிறகு நண்டைத் துரத்திக்கொண்டே ஓடலாம் என்று.

கெலேபி

*

உய்ஹா
ஜூலை 1

அன்புள்ள தம்பி கெலேபிக்கு,

நம் தகப்பனார் வழிபட்ட ஆண்டவர் உன்னைத் தூர தேசத்தில் காப்பாராக. இங்கே அம்மாவும் நானும் சுகம். அக்காவும் தம்பியும் நேருக்கு நேர் பேசிக்கொள்வது நம் வழக்கமில்லை, அதனால் எழுதுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை வருடக் காணிக்கை நடந்தது. இவ்வளவு நாள் ஊர் பேசியதை உனக்கு எழுத எனக்குக் கூச்சம். உன் பெயரை வாசிக்கும்போது என்ன தொகை வாசிப்பார்களோ என்று ஒரு மாதமாக எனக்குத் தூக்கமில்லை. அதனால் லேசியெலியிடம் போனேன். கெலேபி பணம் எப்படி அனுப்புகிறான் என்று கேட்டேன். அவள் மறைக்கவில்லை. அந்தத் தாளைக் கேட்டேன், கொடுத்தாள். ஒரு வார்த்தை எதிர்த்துச் சொல்லவில்லை. நல்ல பெண்ணைக் கட்டியிருக்கிறாய். மொசேசே, "லேசியெலி வரலியா?" என்றார். "நான் கெலேபியோட அக்கா" என்றேன். உடனே எல்லாவற்றையும் பாங்காவாக மாற்றித் தந்தார், அப்படியே உன் பெயரில் காணிக்கை வைத்தேன்.

தம்பி, ஊர்த் தலைவர் பெயருக்கும் மேலே உன் பெயர். பதினாலாயிரம் என்று வாசித்தவுடன் பாட்டு நின்றுவிட்டது. பிறகு எல்லாரும் எழுந்து பாடினார்கள். இந்த வயதில் நான் ஆடினேன். அந்தச் சிவப்புக் கார் கதையைக் கட்டிவிட்டவள் இரண்டு பெஞ்சு தள்ளி உட்கார்ந்திருந்தாள், தரையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

வாசிதி என் மடியில்தான் இருந்தாள். அப்பா பெயரைக் கேட்டதும் கை தட்டினாள். சீக்கிரம் களைத்துவிடுகிறாள், இன்னும் நன்றாகச் சாப்பிட வைக்கச் சொல்லியிருக்கிறேன்.

உன் அக்கா
லூசியானே

*

ராபின்வேல்
ஜூலை 19

லேசியெலி,

நலம் விசாரிக்க மனசில்லை. பத்து நாளாக அடிக்கிறேன், ஏன் ஃபோனை எடுக்கவில்லை?

அக்காவின் கடிதம் வந்தது. ஏன் கொடுத்தாய்? ஏன் ஒரு வார்த்தை, "இது வாசிதிக்கு" என்று சொல்லவில்லை? உனக்கு வாய் இல்லையா? என்னிடம் மட்டும் அத்தனை வாய் பேசுவாயே.

சரி, கேட்டுக்கொள். உன்னிடம் சொல்லாத ஒன்று இருக்கிறது. ஏப்ரலில் நான் தோட்டத்தை விட்டு வந்துவிட்டேன். தங்கும் இடத்துக்கு, வண்டிக்கு, கையுறைக்கு என்று பிடித்தது போக அங்கே கைக்கு அதிகம் நிற்கவில்லை, ஜூலைக்குள் பதினாலாயிரம் சேர்ந்திருக்காது. விசா அந்த வேலைக்கு மட்டும்தான். இப்போது நான் ஒளிந்து வேலை செய்கிறவன். வங்கிக்குப் போக முடியாது, கடன் கேட்க முதலாளி இல்லை. ஊருக்கு வந்தால் மறுபடி இங்கே விட மாட்டார்கள். நமக்கு அந்தப் பணம் ஒன்றுதான் இருந்தது.

ஃபோலாவ் அவனிடம் இருந்ததையெல்லாம் கொடுத்தான். கால் பங்குகூட வரவில்லை. ஆஸ்பத்திரியில் ஒரு மாதம் தவணை கேள். கெஞ்சு.

அக்காவுக்குப் பதில் எழுத உட்கார்ந்தேன். மூன்று தாள் கிழித்தேன். கடைசியில், "என் பெயரைக் காப்பாற்றியதற்கு நன்றி அக்கா" என்று எழுதி அனுப்பினேன்.

கெலேபி

*

உய்ஹா
ஆகஸ்டு 2

கெலேபிக்கு,

மூவரையும் இதுவரை வைத்திருக்கிற கர்த்தருக்கு நன்றி.

ஃபோன் அடிக்கும்போதெல்லாம் அதைத் தலையணைக்கு அடியில் தள்ளினேன். உன் குரலைக் கேட்கிற தைரியம் எனக்கு இல்லை. அம்மா உன்னிடம் சொன்னது உண்மைதான், அன்றைக்கு நான் லிஃபுகாவுக்குத்தான் போயிருந்தேன். மொசேசே கடைக்கு உன் அக்காவைத் தேடிப் போனேன். கடை பூட்டியிருந்தது.

எப்படி நடந்தது என்று எழுதுகிறேன். உன் அக்கா வந்து உட்கார்ந்தார்கள். "அந்தத் தாளக் குடும்மா" என்றார்கள். அதட்டவில்லை, தண்ணீர் கேட்கிற மாதிரிதான் கேட்டார்கள். நான், "அண்ணி..." என்று ஆரம்பித்தேன். "என்னம்மா?" என்று என் முகத்தைப் பார்த்தார்கள். தம்பி வீட்டில் அவர்கள் கேட்டு யாராவது காரணம் சொல்லியிருக்கிறோமா? உன் அம்மா சொல்லியிருக்கிறாரா? காரணம் சொன்னாலே இல்லை என்று சொன்ன மாதிரிதானே. வாய்வரை வந்தது கெலேபி. பாய்க்கு அந்தப் பக்கம் உன் அம்மா வேறு பார்த்துக்கொண்டிருந்தார். "ஒண்ணுமில்ல அண்ணி" என்று சொல்லி ஊசி அட்டையை எடுத்து வந்தேன்.

நீ பாதிரியார் பெயரை எழுதினாய், ஊர்த் தலைவர் பெயரை எழுதினாய், உன்னைப் பெற்றவளையே எழுதினாய். அவர்களைத் துரத்த உன் கடிதம் எனக்குப் போதும். உன் அக்கா பெயரை நீ எழுதவில்லை. இரண்டு தடவை கேட்டேன். உன்னால் தாளில் எழுத முடியாததை என்னால் முகத்துக்கு நேரே எப்படிச் சொல்ல முடியும்?

ஆஸ்பத்திரியில் கெஞ்சினேன். நல்லபடியாகத்தான் பேசினார்கள். ஆகஸ்டு இடத்தை அடுத்த குழந்தைக்குக் கொடுத்துவிட்டார்களாம். இனி பிப்ரவரி. வாசிதிக்குக் கால் வீங்கியிருக்கிறது. ஷூ போகவில்லை. கயிற்றை அவிழ்த்துவிட்டுக் காலை நுழைத்துக்கொள்கிறாள்.

நீ ஒளிந்திருப்பதை யாரிடமும் சொல்லவில்லை. குளிருக்கு எதையாவது போர்த்திக்கொள்.

லேசியெலி

*

ராபின்வேல்
ஆகஸ்டு 24

என் லேசியெலிக்கு,

மூவரையும் காக்கிறவருக்கு நன்றி. நீ சொன்னது சரி. உன்னைத் திட்டி எழுதிய கையை உடைக்க வேண்டும். பாதி உடைந்தும்விட்டது, ஏணியிலிருந்து விழுந்தேன். இந்த எழுத்து ஃபோலாவுடையது, சொல்வது நான். டாக்டரிடம் போனால் பெயர் கேட்பார்கள், அதனால் கட்டை வைத்துக் கட்டியிருக்கிறான். ஆறிவிடும்.

பிப்ரவரிக்கு இன்னும் ஆறு மாதம் இருக்கிறது. ஒரு கையால் கவாத்துக் குச்சிகளைப் பொறுக்கிக் கட்டுகிறேன். புதுக் கணக்கு திறந்தாயிற்று. மூவாயிரம் ஏற்கெனவே அதில் இருக்கிறது. புதுப் பன்னிரண்டு சொற்களை இதோடு வைத்திருக்கிறேன்.

யாருக்கும் கொடுக்காதே. பாதிரியாருக்கு, ஊர்த் தலைவருக்கு, அம்மாவுக்கு, தம்பிகளுக்கு, உன் தங்கைக்கு. என் அக்கா லூசியானேவுக்கும் கொடுக்காதே. இந்த ஒரு வரியை மட்டும் ஃபோலாவின் கையிலிருந்து பேனாவை வாங்கி நானே எழுதினேன், கோணலாக இருப்பது அதனால்தான். அக்கா கேட்டால் இந்தத் தாளைக் காட்டு.

இதைப் போன பிப்ரவரியிலேயே எழுதியிருக்க வேண்டும். வாசிதிக்கு மூச்சு எப்படி இருக்கிறது?

கெலேபி

*

உய்ஹா
செப்டம்பர் 20

கெலேபிக்கு,

மூவரையும் என்று எழுத ஆரம்பித்து அடித்துவிட்டேன்.

அடக்கத்தின்போது உனக்குக் காட்ட ஃபோனைப் பிடித்திருந்த உன் தம்பிக்குக் கை ஆடிக்கொண்டே இருந்தது, உனக்கு எதுவும் சரியாகத் தெரிந்திருக்காது. அதனால் எழுதுகிறேன். வியாழக்கிழமை மத்தியானம் கடற்கரைப் பாதையில் வாசிதி எப்போதும் உட்காரும் இடத்தில் உட்கார்ந்தாள். "அம்மா, நண்டு வருது பாரு" என்றாள். பிறகு என்மேல் சாய்ந்துகொண்டாள். தூக்கிக்கொண்டு படகுக்கு ஓடினேன். படகு பாதி வழி போவதற்குள் போய்விட்டாள்.

வழக்கப்படி உன் அக்கா அவள் தலைமாட்டில் உட்கார்ந்தார்கள். அப்பாவின் அக்காதானே உட்கார வேண்டும். நான் துக்கத்துக்கான கிழிந்த பெரிய பாயை உடம்பில் சுற்றிக்கொண்டு பின்னால், குழி அடுப்பு பக்கம் இருந்தேன். துக்கத்துக்கு வந்த மெல்லிய பாய், மரப்பட்டைத் துணி எல்லாம் வழக்கப்படி உன் அக்கா முன்னால் குவிந்தது. அவர்கள் எதையும் பார்க்கவில்லை. வெள்ளை ஷூவை மட்டும் மடியில் வைத்திருந்தார்கள்.

பத்தாம் நாள் வழக்கப்படி உன் அக்கா என் முடியை வெட்டினார்கள். கத்தரிக்கோல் பாதியில் நின்றது. "ஆப்பரேஷன் பணம்னு மொசேசே போன வாரம்தான் சொன்னார். ஏம்மா எங்கிட்ட சொல்லல?" என்று கேட்டார்கள். "நீங்க கேக்கலையே அண்ணி" என்றேன். அவ்வளவு நாள் அடக்கி வைத்த வாய் அன்றைக்குத் திறந்தது. அவர்கள் அழவில்லை. மீதி முடியை வெட்டி முடித்தார்கள். ஒரு பக்கம் அதிகமாகப் போய்விட்டது.

உன் கடிதம் அடக்கத்துக்கு மறுநாளே வந்திருந்தது. அந்தக் கோணல் வரியைப் பார்த்தேன். உன்மேல் இருந்த கோபம் எல்லாம் போய்விட்டது, அழுகை மட்டும்தான் வந்தது. முடி வெட்டிய பிறகு நான் உள்ளே போய், புதுச் சொற்கள் இருந்த தாளை எடுத்து வந்து உன் அக்காவிடம் நீட்டினேன். இனி யாருக்காக மறைத்து வைப்பது? அவர்கள் கேட்கவில்லை, நானாகத்தான் கொடுத்தேன்.

உன் அக்கா அந்தத் தாளைப் பார்த்தார்கள். கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார்கள். "வேணாம்மா" என்றார்கள். இந்த வீட்டில் அவர்கள் ஒன்றை வேண்டாம் என்று சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

தாளைப் பழைய இடத்திலேயே, ஊசி அட்டைக்குப் பின்னால் செருகிவிட்டேன். அட்டையில் ஆகஸ்டு வரைக்கும் நர்ஸ் கையெழுத்து இருக்கிறது. கை ஆறியதா என்று ஒரு வரி எழுதிப் போடு, உன் கையாலேயே எழுது.

லேசியெலி